விபூதியாகப் போன வெள்ளைச் சாக்லேட்டு

1

நாங்கள் ஸ்காட்லாந்துக்கு வந்து இந்தப் புரட்டாசியோடு மூன்று வருஷம் முடிகிறது. அதைக் கொண்டாட லெட்சுமி பாயசம் வைத்திருப்பாள் என்ற நப்பாசையோடு வேலை முடிந்து வீட்டுக்குப் போனேன். பாயசம் இல்லை. அடுப்பே பற்றவில்லை. எங்கள் மகள் செல்வி நடுவீட்டில் நின்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள், அவளுடைய அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் இதுதான். செல்வியின் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை விற்பனை நாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பலகாரம் செய்து கொடுக்க வேண்டும்.

"முறுக்கு சுட்டுத் தாரேம்மா" என்றேன்.

"வேணாம்ப்பா. போன வருஷம் முறுக்கப் பார்த்துட்டு டீச்சர் இது எந்த மெஷினோட ஸ்பிரிங்குன்னு கேட்டாங்க. ரெண்டு நாளைக்கு யாரும் எங்கிட்ட பேசல."

"பின்ன என்னதான் வேணும்?"

"வெள்ளைச் சாக்லேட்டுல உருண்டை செய்வீங்களே, பழம் போட்டு. அது வேணும். ஆனா அந்த விபூதிக் கதைய மட்டும் இங்க யாருக்கிட்டயும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு சாலி என்று பெயர். சாலிக்கு ஆயிரம் மானப்பிரச்சினை இருக்கும். ஆனால் 'இங்க' யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதான் அவள் சத்தியம் வாங்கினாள். ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்வதை அவள் தடுக்கவில்லை. லெட்சுமியிடமும் கேட்டுவிட்டேன். "எழுதிக்கிங்க, ஆனா என் தம்பி பேர மாத்திப் போடுங்க" என்றாள். ஆகவே இந்தக் கதையில் வரும் என் மச்சானுக்குக் கதிர்வேலு என்று பெயர்.

2

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் முத்தையா. சிலோன் மலைநாட்டில் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். கவ்வாத்துக் கத்தியைப் பிடித்துத் தேயிலைச் செடிகளை வெட்டிக்கொண்டிருந்த என்னை, ஆள் தேவைப்பட்டபோது துரை பங்களாச் சமையலறைக்கு எடுத்தார்கள். விறகு பிளப்பது, பாத்திரம் கழுவுவது, கோழி உரிப்பது. பங்களாவில் சமையல்காரரைக் கோக்கி என்போம். பழைய கோக்கி எங்கள் துரைக்கு முந்திய துரைக்கும் சமைத்தவர். பிரஜாவுரிமை கிடைக்காமல் அவர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அந்த இடம் காலியானது.

அந்த இடம் எனக்கு வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை எழுதினால் சிரிப்பீர்கள். சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு சமையல் பிடித்திருந்தது. மழையில் நனைந்து அட்டைக்கடி பட்டு மலை ஏறுகிறவனுக்கு, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு நுரைத்து எழும்புவதைப் பார்க்கும் வேலை கிடைத்தால் அதை விட மனசு வருமா?

துரை சிரிக்காத மனிதர். அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சனிக்கிழமை பார்ட்டி. நுவரெலியாவுல இருந்து ஆள் வருது. நீ சமை. நல்லா இருந்தா நீ கோக்கி. இல்லைன்னா திங்கக்கிழமை நீ பெரட்டு."

பெரட்டு என்றால் விடிகாலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். அதாவது மறுபடியும் கவ்வாத்துக் கத்தி.

3

துரையின் மனைவி துரைசாணி நல்ல பெண்மணி. எங்கள் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார், மரியாதை வைப்பதுதான் எங்கே என்று தெரியாது. அவருடைய அக்கா சீமையிலிருந்து கப்பலில் ஒரு தகர டப்பா அனுப்பியிருந்தார். திறந்து காட்டினார். சவர்க்காரக் கட்டி மாதிரி வெளிறிப்போய் ஏதோ இருந்தது.

"சாக்லேட்டு" என்றார்.

"சாக்லேட்டு கறுப்பால்ல இருக்கும்?"

"இது வெள்ளை. இதுல ட்ரஃபிள்னு உருண்டை செய்யணும். முத்தையா, ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா இது செத்துப்போகும். வேற இல்ல. இவ்வளவுதான் இருக்கு."

அவர் சொல்லச் சொல்ல செய்தேன். சாக்லேட்டைக் கத்தியால் மெல்லிசாகச் சீவி உலர்ந்த கிண்ணத்தில் போட்டு, கொதித்து இறக்கிய வெந்நீர்ச் சட்டியின் மேல் வைக்க வேண்டும். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. அவசரப்பட்டு சூடு கூட்டினால் திரிதிரியாகப் போகும். துரைசாணி பாஷன் ஃப்ரூட் என்று சொல்லும் கொடித்தோடை பங்களா வேலியில் காய்த்துக் கிடந்தது. பழத்தைப் பிழிந்து விதையை வடிகட்டி, சாறைத் தேன் பதம் வரும்வரை வற்றக் காய்ச்சினேன். பச்சைச் சாறை அப்படியே ஊற்றினால் உருண்டை பிடிக்காது, களியாகத்தான் கிண்டலாம். வற்றிய சாறும் சூடான பாலாடையும் ஒரு துண்டு வெண்ணெயும் உருகின சாக்லேட்டில் சேர்ந்தபோது எழுந்த வாசனை இருக்கிறதே, வாசலில் காவலுக்குப் படுத்திருந்த நாய் எழுந்து வந்து சமையலறைக் கதவை முட்டியது.

ஆறவைத்து, இறுகினதும் உள்ளங்கையில் உருட்டினேன். எனக்குப் பிறவியிலேயே சில்லென்ற கை. லெட்சுமி அதைப் பேய்க்கை என்பாள். அன்றைக்கு அந்தப் பேய்க்கைதான் உதவியது. எல்லா உருண்டையையும் ஐசிங் சீனியில் புரட்டி எடுத்தேன். வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறித்தன.

எங்கே வைப்பது என்பதில்தான் சனியன் பிடித்தது. பங்களாவில் இருந்த மண்ணெண்ணெய் ஐஸ் பெட்டியில் பார்ட்டிக்கு வாங்கின மீன் நிறைந்து கிடந்தது. சாக்லேட்டு பக்கத்தில் இருப்பதன் வாசத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று துரைசாணி சொல்லியிருந்தார். சமையலறையிலோ விறகடுப்பு அனல். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தில், ஆடிக்காற்று வீசுகிற எங்கள் ஒற்றைக் காம்பராவோ ஐஸ் பெட்டியைவிடக் குளிர். ஆகவே மத்தியானம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். லெட்சுமி கொழுந்து எடுக்கப் போயிருந்தாள். செல்விக்கு அப்போது நாலு வயது, புள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் இருந்தாள். டப்பாவுக்குள் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தன. வீட்டில் இருந்த பித்தளைத் தாம்பாளத்தைத் துடைத்து அதில் இடைவெளி விட்டு அடுக்கினேன். எலிக்கும் எட்டாத, செல்விக்கும் எட்டாத ஒரே இடம் சுவரில் உயரத்தில் அடித்திருந்த சாமி தட்டுதான். முருகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று பங்களாவுக்குத் திரும்பினேன்.

என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு போனேன். 

4

இங்கே கொடித்தோடை கிடைக்காது. கடைக்காரரிடம் கேட்டேன், அப்படி ஒரு பழம் இருப்பதையே அவர் நம்பவில்லை. ராஸ்பெரி என்று சிவப்பாக ஒன்று குவிந்து கிடக்கிறது, அதை வாங்கினேன். 

கடைக்காரரை முதல் வருஷம் நான் 'சலாம் தொரை' என்றுதான் கூப்பிட்டேன். பழக்க தோஷம். தெருவில் வெள்ளைக்காரர் யார் எதிரே வந்தாலும் இறங்கி ஒதுங்கி நிற்பேன். ஒருநாள் அப்படி ஒதுங்கி நின்றபோது, குப்பை அள்ள வந்த வெள்ளைக்காரர் எனக்கு மயக்கம் என்று நினைத்து, தோளைப் பிடித்துத் திண்டில் உட்காரவைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். துரைமார் குப்பை அள்ளுகிற நாட்டுக்கு வந்துவிட்டேன் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

எங்களைக் கூட்டிக்கொண்டு வந்த துரையும் இங்கே இறங்கினதும் வெறும் மனிதராகிவிட்டார். கோக்கி வைக்கிற வசதி அவருக்கு இங்கே இல்லை. வருத்தப்பட்டு ஒரு ஓட்டலில் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தார். அங்கே பெரும்பாலும் உருளைக்கிழங்கு உரிக்கிறேன்.

கந்தோர், அதாவது அரசாங்க ஆபீஸ், விஷயத்தில் மட்டும் இந்த நாட்டை ஒன்றும் சொல்லக்கூடாது. பாஸ்போர்ட்டுக்காகக் கொழும்பில் நான் ஏறாத படி இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர், "உன் தாத்தா எங்கே பிறந்தார்?" என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். "அப்ப நீ இந்தியாக்காரன்" என்றார். இந்தியக் கந்தோரில் கேட்டால் "நீ சிலோன்காரன்" என்றார்கள். அப்பா எப்போதோ போட்டு வைத்த பிரஜாவுரிமை மனு தேறியிராவிட்டால், நான் இரண்டு கந்தோருக்கும் நடுவில் இருந்த மரத்தடியிலேயே குடித்தனம் நடத்தியிருப்பேன். இங்கே வந்து வேலைக்குப் பதியப் போனபோது எந்த ஊர் என்று ஒரு பெண் கேட்டாள். சிலோன் என்றேன். "ஓ, டீ!" என்று சொல்லி முத்திரை குத்திவிட்டாள். நான் சிலோன்காரன் என்பதை ஒரே மூச்சில் நம்பின முதல் கந்தோர் அதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராஸ்பெரிச் சாறை வற்றக் காய்ச்சி உருண்டை பிடித்தேன். ஐசிங் சீனியைக் கையில் எடுத்ததும் லெட்சுமி பாய்ந்து வந்து பிடுங்கினாள்.

"தேங்காப்பூவுல புரட்டுங்க. சீனி வேணாம்."

"இங்க யாரு லெட்சுமி விபூதின்னு நினைக்கப் போறாங்க?"

"ஒரு தடவ பட்டது போதும் சாமி!"

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். இந்த ஊரில் எத்தனை பேர் இதைப் பார்த்தாலும் ஒருவருக்குக்கூட விபூதி ஞாபகம் வராது. அதை நினைத்ததும் எனக்குத் திடீரென்று அழுகை வந்துவிட்டது. சாறு கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

5

இனி நடந்ததற்கு வருகிறேன். ஆரம்பத்தில் நான் அங்கே இல்லை. லெட்சுமியும் பக்கத்துக் காம்பரா ஆட்களும் பிறகு சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

என் மச்சான் கதிர்வேலு அந்த ஆடியில் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போயிருந்தான். லயத்தில் யாராவது கதிர்காமம் போய் வந்தால், அங்கிருந்து விபூதி உருண்டை கொண்டு வருவார்கள். கை கால் கழுவிக்கொண்டு எல்லோரும் வாசலில் வந்து நிற்பார்கள். உடைத்து, நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வார்கள். கதிர்வேலு அன்றைக்கு வருவான் என்று ஒரு வாரமாக எல்லோரும் காத்திருந்தார்கள்.

லெட்சுமி கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, விளக்கேற்ற சாமி தட்டைப் பார்த்தாள். பித்தளைத் தாம்பாளம். முருகன் படம். முன்னால் அடுக்கடுக்காக வெள்ளை உருண்டைகள். தம்பி வந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறான் என்று நினைத்தாள். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

"கதிர்காமத்து விபூதி வந்துருச்சு! எல்லாரும் வாங்க!" என்று அவள் வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறாள்.

லயமே திரண்டது. கருப்பையா பூசாரி முன்னால் வந்து ஒரு உருண்டையை எடுத்து உடைத்தார். உள்ளே பிசுபிசுவென்று இருந்தது. அவர் அசரவில்லை. "பாலாபிஷேகம் பண்ணின விபூதி. அதான் இன்னும் ஈரம் காயல" என்று விளக்கம் சொல்லி எல்லோர் நெற்றியிலும் பட்டை போட்டார். முதலில் வாயில் போட்டவர் மாடசாமி கங்காணி.

"என்னாங்க பூசாரி, இனிக்குது!"

"பக்தியா போட்டா இனிக்கத்தான்யா செய்யும்."

"இல்லீங்க, நெசமாவே இனிக்குது. பழ வாசம் வேற அடிக்குது!"

பூசாரி தானும் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தார். பிறகு ஒரு பிடி போட்டுப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கதிர்வேலு வந்து சேர்ந்தான். தோளில் தொங்கின பை ஈரமாக இருந்தது.

"அக்கா, கோவிச்சுக்காத. மாணிக்க கங்கையில பையோட வழுக்கி விழுந்துட்டேன். விபூதி பூரா கரைஞ்சு ஆத்தோட போயிருச்சு."

பூசாரி கையில் இருந்த உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். 

"அப்ப இத யாரு வச்சது?" என்றார் பூசாரி.

முருகன் படத்தை எல்லோரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். "அரோகரா!" என்று எழுந்த சத்தம் பங்களாவரைக்கும் கேட்டது. கோழிக்கு மசாலா தடவிக்கொண்டிருந்த நானும் கேட்டேன். யாத்திரைக்காரர்கள் வந்துவிட்டார்கள் போலிருக்கிறது, நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

6

உருண்டையை எடுக்க நான் லயத்துக்குப் போனபோது, ஒவ்வொரு நெற்றியும் வெண்ணெய் தடவினது போல மின்னிக்கொண்டிருந்தது. சில பேர் பட்டையை நெற்றியிலிருந்து வழித்து நக்கிக்கொண்டிருந்தார்கள். செல்வி நெற்றியில் பூசவே இல்லை, நேராக வாய்க்கே கொண்டுபோயிருந்தாள். என் பிள்ளைக்கு அப்போதே விவரம் அதிகம். தாம்பாளத்தில் ஒன்றிரண்டு மட்டும் மிச்சம் இருந்தன.

வாயைத் திறக்கப்போனேன். லெட்சுமி ஓடிவந்து என் நெற்றியில் பட்டை போட்டாள்.

"என்னாங்க இப்படி முழிக்கிறீங்க? சாமி நம்ம காம்பராவுக்கு வந்துட்டுப் போயிருக்குங்க! இத்தனை லயம் இருக்க, நம்ம காம்பராவுக்கு!"

அவள் கண் கலங்கியிருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால், துரைசாணியின் பண்டத்தைச் சாமி பிரசாதம் என்று ஊருக்குப் பூசிவிட்டவள் என்று அவளைப் பார்த்துத் தோட்டமே சிரிக்கும். சொல்லாவிட்டால் என் வேலை போகும். அவள் முகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் துரைசாணியே வந்து நின்றார். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், என்னைக் காணவில்லை என்று குடையைப் பிடித்துக்கொண்டு தேடி வந்திருக்கிறார். கூட்டம் வழி விட்டது. பூசாரி பரவசத்தோடு போய், "அம்மா, கதிர்காமத்து முருகன் குடுத்தது" என்று சொல்லி அவர் நெற்றியிலும் இழுத்துவிட்டு, கையில் ஒரு துண்டு கொடுத்தார்.

துரைசாணி வாயில் போட்டார். மென்றார். தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அக்கா கப்பலில் அனுப்பிய சாக்லேட்டு முழுவதும் உடப்புசல்லாவை நெற்றிகளில் இருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் கைகூப்பி நின்ற லெட்சுமியையும் பார்த்தார்.

"முத்தையா" என்றார். "சாமி ரொம்ப நல்லா செய்யுது. காலையில பெரட்டு நேரத்துக்கு சாமிய பங்களாவுக்கு வரச் சொல்லு."

சொல்லிவிட்டு நெற்றியைத் துடைக்காமலே போய் விருந்தாளிகளோடு உட்கார்ந்தார். நான் கோழியைப் பரிமாறினேன். மீனைப் பரிமாறினேன். கடைசியில் பரிமாற ஒன்றும் இல்லை. துரை தன் மனைவியின் நெற்றியைக் காட்டி, அது என்ன என்று கேட்டார்.

"இன்றைய இனிப்பு" என்றார் துரைசாணி இங்கிலீஷில். அவ்வளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும்.

விருந்தாளிகள் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. அவர்களை அனுப்பிவிட்டு வந்து, "நீ பெரட்டுக்குப் போ. திங்கக்கிழமை இல்ல, நாளைக்கே. ஞாயித்துக்கிழமையும் வேலை இருக்கு" என்றார். 

வீட்டுக்கு வந்து லெட்சுமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நம்ம காம்பராவுக்கு வந்தது சாமி இல்லையா?"

"இல்ல. நான்தான்."

பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "யாருக்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

7

விடியும்போது தப்பு மேளச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தால், லயம் முழுக்க வாசலில் நிற்கிறது. துரைசாணி சாமியைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார் அல்லவா? முருகன் படத்துக்கு மாலை போட்டு, தூக்கிக்கொண்டு தயாராக வந்துவிட்டார்கள். எங்கள் வீட்டுப் படம் என்பதால் நான்தான் முன்னால் நடக்க வேண்டுமாம். வேலை போனவன் தப்பு அடிக்க, பெரட்டு நேரத்தில் ஊர்வலமாகப் பங்களாவுக்குப் போனது தேயிலைச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

துரை இரவுச் சட்டையோடு, தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே ஓடிவந்தார்.

"என்னா இது? ஸ்டிரைக்கா?"

"இல்லீங்க தொரை" என்றார் பூசாரி. "தொரைசாணி சாமிய வரச் சொன்னாங்க. அதான் கூட்டியாந்தோம்."

துரைசாணி பின்னால் ஜன்னல் சீலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார். பூசாரி மடியிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தார். கடைசி உருண்டை. துரை நெற்றியில் பூச அவர் கையைத் தூக்கினார், துரை பின்வாங்கினார். கூட்டம் முணுமுணுத்தது. மரியாதைக்காக, வேண்டாவெறுப்பாகத் துரை விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார்.

அவர் அதுவரை அதைச் சாப்பிடவே இல்லை. 

இரண்டாவது முறை கொஞ்சம் கிள்ளி எடுத்தார். மூன்றாவது முறை பொட்டலத்தையே வாங்கிக்கொண்டார். முழுவதையும் தின்று முடித்து, வாழையிலையை மட்டும் பூசாரியிடம் திருப்பிக் கொடுத்தார். திரும்பித் துரைசாணியைப் பார்த்தார். பிறகு, படத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்ற என்னை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார்.

"சாமி கோயிலுக்குப் போகட்டும்" என்றார் துரை. "கோக்கி உள்ள வா."

படத்தைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். பின்னால் எல்லோரும் சாமிக்கு அரோகரா போட்டார்கள். லெட்சுமி எனக்குப் போட்டாள்.